எண்ணித் துணிக: குமிழிகளுக்குப் பின்னால் இருக்கும் வீடுகள்

போன இதழில் உலக நாடுகளின் வருமானத்தையும் ஆயுளையும் காட்டும் குமிழி வரைபடம் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே கேட்டதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

மேடம், குமிழிகள் நகர்ந்துகொண்டே மேலே ஏறும் அந்த வீடியோவைப் பார்த்தேன். பிரமிப்பாக இருந்தது. ஆனால் தோழி "அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டபோது விளக்கத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– கல்லூரி மாணவி, சிவகாசி

அச்சுகளிலிருந்து தொடங்குங்கள். படுக்கை அச்சில் இருப்பது தலைக்கு எவ்வளவு வருமானம் என்பது. நிமிர்ந்த அச்சில் சராசரி ஆயுள். ஒவ்வொரு குமிழியும் ஒரு நாடு. மக்கள்தொகை எவ்வளவோ அவ்வளவு பெரிய குமிழி. எந்தக் கண்டம் என்பதை நிறம் சொல்லும். ஆக, ஒரு குமிழிக்குள் நாலு செய்தி. அது நகரும்போது காலம் என்ற ஐந்தாவது செய்தியும் சேர்ந்துகொள்கிறது.

படுக்கை அச்சை மட்டும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். 1,000 டாலருக்கும் 2,000 டாலருக்கும் நடுவே எவ்வளவு இடமோ, 10,000-க்கும் 20,000-க்கும் நடுவே அதே இடம்தான் இருக்கும். பள்ளியில் படித்த மடக்கை ஞாபகம் இருக்கிறதா, அதுதான். வருடத்துக்கு ஆயிரம் டாலரில் காலம் தள்ளுகிற வீட்டுக்கு இன்னொரு ஆயிரம் வந்தால் குழந்தையின் தட்டில் முட்டை வரும், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குக் காசு இருக்கும். பத்தாயிரம் உள்ள வீட்டுக்கு அதே ஆயிரம் அந்த அளவுக்கு எதையும் மாற்றாது. அதனால்தான் இரட்டிப்பை ஒரே அளவாகக் காட்டுகிறார்கள். சாதாரண அளவுகோலில் போட்டால் ஏழை நாடுகள் எல்லாம் இடது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொள்ளும், அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசமே கண்ணுக்குத் தெரியாது.

இந்த வரைபடத்தைப் பிரபலமாக்கியவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங். 1972-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் சில காலம் படித்தவர். குமிழிகளை நகரவைத்த மென்பொருளை உருவாக்கியது அவருடைய மகன் ஓலாவும் மருமகள் அன்னாவும். 2006-இல் ரோஸ்லிங் மேடையேறி, கிரிக்கெட் வர்ணனை மாதிரி படபடவென்று பேசிக்கொண்டே அதை ஓட்டிக் காட்டினார். அதன் பிறகு உலகமே பார்த்தது. 2017-இல் காலமானார்.

நீங்கள் அதை ஓட்டிப் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். எல்லாரும் குமிழிகள் ஏறுவதைப் பார்ப்பார்கள். நீங்கள் இறங்கும் இடங்களில் நிறுத்துங்கள். 1918-இல் ஒரே நேரத்தில் பல நாடுகள் சரியும், அது ஃப்ளூ. 1960-ஐ ஒட்டிச் சீனா விழும், அது பஞ்சம். 1994-இல் ருவாண்டா பாதாளத்துக்குப் போகும், அது இனப்படுகொலை. 1990-களில் போட்ஸ்வானாவைத் தொடருங்கள். வருமானம் வலது பக்கம் போய்க்கொண்டே இருக்கும், ஆயுளோ எய்ட்ஸால் வருஷா வருஷம் கீழே வரும். பணம் ஏறினால் ஆயுளும் தானாக ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் அந்த ஒரு குமிழியைக் காட்டுங்கள், போதும்.

பிறப்பு இறப்பே ஒழுங்காகப் பதிவாகாத நாடுகள் ஏராளம். அப்படியிருக்க, "ஆயிரத்துக்கு இத்தனை குழந்தைகள் இறக்கின்றன" என்று எப்படி அச்சடிக்கிறார்கள்? பாதி கற்பனைதானே?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பட்டுக்கோட்டை

ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். கற்பனை இல்லை. ஆனால் நேராக எண்ணியதும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டது.

1990-களின் தொடக்கத்தில் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சுகாதார சர்வேயில் வேலை பார்த்தேன். பாடம் நடத்தப் போனதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பகலில் வீட்டில் ஆள் இருக்காது, கேழ்வரகுக் கொல்லையிலோ கடலைக் காட்டிலோ இருப்பார்கள். அதனால் விடியலில் அல்லது விளக்கு வைத்த பிறகு போவோம். திண்ணையில் உட்கார்ந்து, படிவத்தைப் பிரித்து, பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுக்குள் இருக்கும் பெண்ணிடம் வரிசையாகக் கேட்க வேண்டும். எத்தனை பிள்ளைகள், கூட இருப்பவர்கள் எத்தனை, வேறு ஊரில் இருப்பவர்கள் எத்தனை. அப்புறம் அந்தக் கேள்வி: "உயிரோடு பிறந்து பிறகு இறந்துபோன குழந்தை உண்டா?" இல்லை என்று சொன்னாலும் விடக்கூடாது. "பிறந்ததும் அழுது, அல்லது மூச்சுவிட்டு, கொஞ்ச நேரமே இருந்த குழந்தை?" என்று இன்னொரு தரம் கேட்க வேண்டும். உலகம் முழுக்க ஏழை நாடுகளில் நடந்த சர்வேக்களில் ஏறக்குறைய இதே கேள்விதான், இதே வரிசையில்தான் இருந்தது.

மாமியார் பக்கத்தில் நின்றால் பதில் வராது. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்கம்மா" என்று அவரை உள்ளே அனுப்பிவிட்டுக் கேட்போம். இரண்டாம் முறை கேட்டபோதுதான் பல பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு நாள், ஒரு ராத்திரி மட்டும் இருந்த குழந்தை. பெயர் வைக்கவில்லை, எங்கேயும் பதியவில்லை. தேதி கேட்டால் தெரியாது. "எம்.ஜி.ஆர். செத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் உடனே சொல்வார்கள். "அந்த மார்கழிக்கு அடுத்த ஆடியிலங்க." 1987 டிசம்பர், ஆகவே 1988 ஜூலை ஆகஸ்ட். படிவத்தில் எழுதிக்கொள்வோம்.

இப்படிப் பல்லாயிரம் பெண்கள் சொன்ன பதில்களைச் சேர்த்தால் ஒரு நாட்டின் குழந்தை இறப்பு விகிதம் வரும். பல சர்வேக்களின் புள்ளிகளை எடுத்து, அவற்றின் வழியே ஒரு வளைகோடு வரைந்து, ஐக்கிய நாடுகள் அமைப்பின் குழு ஒன்று ஒவ்வொரு நாட்டுக்கும் மதிப்பீடு தருகிறது. கூடவே "இதிலிருந்து இது வரை இருக்கலாம்" என்று ஒரு வரம்பும் கொடுக்கிறது. குமிழி வரைபடத்தில் அந்த வரம்பு காணாமல் போய்விடுகிறது. குமிழிக்குத் தெளிவான விளிம்பு இருக்கிறது, அதன் பின்னால் உள்ள எண்ணுக்கு இல்லை. எனக்கு அந்த வரைபடத்தில் இருக்கும் ஒரே மனக்குறை அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேள்வி தாயிடம் கேட்கப்படுகிறது. தாயே இறந்துபோன வீட்டில் யார் பதில் சொல்வது? எச்.ஐ.வி. கடுமையாகத் தாக்கிய ஆப்பிரிக்க நாடுகளில் தாயும் போய், அவளிடமிருந்து தொற்றிய குழந்தையும் போய், இரண்டு மரணமும் கணக்குக்கு வராமல் போயின. புள்ளியியலாளர்கள் அதற்குத் தனியாகத் திருத்தம் போட வேண்டியிருந்தது.

ரோஸ்லிங்கும் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்தான். 1979-இலிருந்து சுமார் இரண்டு வருடம் மொசாம்பிக்கின் நக்காலா மாவட்டத்தில் மருத்துவராக இருந்தார். அவருடைய ஆஸ்பத்திரியில் ஒரு வருடத்தில் இறந்த குழந்தைகள் சில பத்துகள். மாவட்டம் முழுவதற்கும் கணக்குப் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்தது. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் வீட்டிலேயே இறந்திருந்தன. கண் முன்னே கட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு எல்லாவற்றையும் கொட்டுவதா, கண்ணுக்குத் தெரியாத குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் துணை சுகாதார நிலையமும் கொண்டுபோவதா என்ற கேள்வி அவரை விடவே இல்லை. பிற்காலத்துக் குமிழிகளில் அந்த நக்காலா இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நீங்கள் கேட்ட நாடுகளில் பலவற்றுக்கு இந்தத் தகவலைத் தந்துகொண்டிருந்தது, 1984-இல் அமெரிக்க அரசின் பணத்தில் தொடங்கிய ஒரு சர்வே திட்டம். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்தது. நம்முடைய தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 2025-இன் தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியபோது அந்தத் திட்டம் பாதியில் நின்றது. வேறு நிதியில் ஒரு பகுதியைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறார்கள். ஒரு மருந்துக் கடை மூடினால் மறுநாளே தெரியும். சர்வே நின்றால் யாருக்கும் தெரியாது. குமிழி பழைய எண்ணை வைத்துக்கொண்டு நகர்ந்துகொண்டேதான் இருக்கும். எனக்கு இது மிகுந்த வேதனை.

கொரோனா சமயத்தில் தினமும் டிவியில் காட்டிய வரைபடங்கள் சரியானவைதானா?
– வாசகி, ஓசூர்

அறிவிக்கப்பட்ட மரணங்களைச் சரியாகத்தான் காட்டின. அறிவிக்கப்படாதவை அதில் எப்படி வரும்? உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வேறு விதமாகக் கணக்கிட்டது. வழக்கமான வருடங்களில் எத்தனை பேர் இறப்பார்கள், 2020, 2021-இல் அதைவிட எத்தனை பேர் அதிகமாக இறந்தார்கள் என்று பார்த்தது. உலக அளவில் வந்த விடை சுமார் 1 கோடியே 49 லட்சம். அந்த இரண்டு ஆண்டுகளில் நாடுகள் அறிவித்த கொரோனா மரணங்கள் 54 லட்சம்தான். இந்தியாவுக்கு அவர்கள் சொன்னது சுமார் 47 லட்சம், அரசு அறிவித்திருந்தது 5 லட்சத்துக்கும் கீழே. கணக்கிட்ட முறையே தவறு என்று இந்திய அரசு மறுத்தது. முறையைப் பற்றி வாதாடலாம். ஆனால் எல்லா மரணமும், காரணத்தோடு, உரிய காலத்தில் பதிவாகியிருந்தால் அந்த வாதமே எழுந்திருக்காது.

படம் போட்டு எந்த உயிராவது பிழைத்திருக்கிறதா? அழகாக இருக்கிறது என்பதைத் தவிர என்ன பயன்?
– செவிலியர் பயிற்சி மாணவி, நாகர்கோவில்

நீங்கள் படிக்கும் துறையிலிருந்தே சொல்கிறேன். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலைக் கைவிளக்கோடுதான் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். கையில் கணக்குப் புத்தகத்தோடும் காட்டியிருக்க வேண்டும். கிரிமியப் போருக்காக 1854 நவம்பரில் ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனவர், சாவுக் கணக்கே ஒழுங்காக எழுதப்படாததைக் கண்டார். நாடு திரும்பிய பிறகு, வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு உட்கார்ந்து மாதவாரியாகக் கணக்கெடுத்தார். 1858-இல் அதை வட்டமாக வரைந்து வெளியிட்டார். மாதத்துக்கு ஒரு துண்டு. காயத்தால் இறந்தவர்கள் சிவப்பு, மற்றக் காரணங்கள் கறுப்பு, தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தவர்கள் நீலம். 1855 ஜனவரியைப் பாருங்கள். சிவப்பு எங்கோ நடுவில் ஒடுங்கிக் கிடக்கும், நீலம் பக்கத்தையே விழுங்கியிருக்கும். எதிரியின் குண்டைவிட, காலராவும் வயிற்றுப்போக்கும் டைபஸும்தான் சிப்பாய்களைக் கொன்றன. 1855 மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்த பிறகு துண்டுகள் சுருங்குவதும் அதிலேயே தெரியும்.

அதை அவர் வரைந்தது அட்டவணை படிக்கப் பொறுமை இல்லாத அமைச்சர்களுக்கும் அரசிக்கும். ராணுவக் குடியிருப்புகளின் கழிவுநீர், காற்றோட்டம் எல்லாம் அதன் பிறகு மாறின. பின்னாளில் இந்தியாவில் இருந்த ராணுவ முகாம்களின் சுகாதாரத்துக்காகவும் அதே பிடிவாதத்தோடு எண்களைக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

லண்டனில் காலராவால் இறந்தவர்களின் வீடுகளைக் குறித்து மருத்துவர் ஜான் ஸ்நோ வரைந்த மேப்பை உங்கள் பாடத்தில் வைத்திருப்பார்கள். மேப்பைப் பார்த்து, நோயைப் பரப்பிய தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள் என்று சொல்லிக்கொடுத்தால் நம்பாதீர்கள். 1854 செப்டம்பர் 8-ஆம் தேதி கைப்பிடி கழற்றப்பட்டபோது அந்த மேப் அச்சில் வரவில்லை, நோயும் தணியத் தொடங்கிவிட்டது. ஸ்நோ வீடு வீடாகப் போய் எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தீர்கள் என்று கேட்டதுதான் அதிகாரிகளை அசைத்தது. மேப் பிறகு வந்த வாதம்.

சமீபத்திய உதாரணம் வேண்டுமென்றால் 2014, லைபீரியா, எபோலா. ரோஸ்லிங் தலைநகர் மன்ரோவியாவுக்கே போய் சுகாதார அமைச்சகத்தில் உட்கார்ந்தார். உலகம் பார்த்துக்கொண்டிருந்த கோடு மேலே போய்க்கொண்டிருந்தது. அது சந்தேக நோயாளிகளின் எண்ணிக்கை. பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டும் தனியாகப் போட்டால் கோடு ஏற்கெனவே இறங்க ஆரம்பித்திருந்தது. எடுக்கிற நடவடிக்கை பலன் தருகிறதா என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு அந்த இரண்டாவது கோடு எவ்வளவு தெம்பு தந்திருக்கும்!

எங்கட நாடு பணக்கார நாடில்லை. ஆனால் இலங்கையின் குமிழி அதே வருமானமுள்ள நாடுகளைவிட மேலே நிற்கிறது. இது எப்படி?
– வாசகர், யாழ்ப்பாணம்

இதை முதலில் வரைந்து காட்டியவர் மக்கள்தொகை ஆய்வாளர் சாமுவேல் பிரெஸ்டன், 1975-இல். வருமானம் ஏற ஆயுள் ஏறுகிறது, ஆனால் காலம் செல்லச் செல்ல அந்தக் கோடே மேலே நகர்கிறது, அதாவது அதே பணத்துக்கு முன்பைவிட நீண்ட ஆயுள் கிடைக்கிறது என்றார். கோட்டுக்கு மேலே நிற்பவர்கள் யார் என்று பிறகு தேடினார்கள். 1985-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு சீனா, கோஸ்டாரிகா, கேரளா, இலங்கை என்ற நாலு பேரைச் சொன்னது. அமெரிக்கா தன் வருமானத்துக்கு இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே நிற்கிறது.

இலங்கையின் காரணங்கள் உங்களுக்கே தெரியும். இலவசக் கல்வி, இலவச வைத்தியம், வீடு தேடி வரும் மருத்துவிச்சி, படித்த தாய்மார். 1946-க்கும் 1947-க்கும் நடுவில் ஆயிரம் பேருக்கு 20 மரணம் என்பது 14 ஆகக் குறைந்தது. மலேரியாவுக்கு டி.டி.டி. என்ற பூச்சிமருந்து தெளித்ததால் எவ்வளவு, சாப்பாட்டாலும் ஆஸ்பத்திரியாலும் எவ்வளவு என்று ஆய்வாளர்கள் பல காலம் சண்டை போட்டார்கள்.

ஆனால் நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கேட்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. அந்த உயர்ந்த குமிழிக்குள் நீங்கள் எல்லா வருடமும் இல்லை. 1987, 1993 ஆண்டுகளின் சுகாதார சர்வேக்களில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. 2006-07-இல் கிழக்கு வந்தது, வடக்கு வரவில்லை. 1981-க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2012-இல்தான் நடந்தது. போர்க்காலத்தில் வன்னியில் பிள்ளை பெற்ற ஒரு தாயிடம் படிவத்தோடு எவரும் போகவில்லை. குமிழியோ அந்த வருடங்களிலும் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

இந்தியாவுக்கு ஒரே ஒரு குமிழிதானா?
– வாசகர், கோவில்பட்டி

போதாதுதான். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள், ஆயிரத்துக்கு: கேரளா 5, தமிழ்நாடு 22, உத்தரப் பிரதேசம் 60. இந்தியாவின் சராசரி 42. அந்த 42-இல் கேரளாவும் இல்லை, உத்தரப் பிரதேசமும் இல்லை.

உலகம் முன்னேறுகிறது என்று காட்டும் வரைபடங்கள், வசதியானவர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்குத்தானே?
– வாசகர், புதுச்சேரி

கோபம் புரிகிறது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் எண்ணைத் தள்ளிவிடாதீர்கள். 1990-இல் உலகில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 93 பேர் ஐந்து வயதைத் தாண்டவில்லை. 2022-இல் அது 37. இந்த வித்தியாசம் தானாக வரவில்லை. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த நர்சம்மாக்களும், உப்புச் சர்க்கரைக் கரைசலும், கொசுவலையும், பள்ளிக்கூடம் போன பெண்களும் கொண்டுவந்தது. ஒன்றும் மாறவில்லை என்றால் அவர்கள் உழைப்பை இல்லை என்று சொல்வதாகும்.

அதே 2022-இல் 49 லட்சம் குழந்தைகள் இறந்திருக்கின்றன. அவர்களில் 23 லட்சம் பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள். பெரும்பாலும் நமக்குத் தடுக்கத் தெரிந்த காரணங்கள். 93, 37 ஆனது என்றால் 37-ஐயும் குறைக்க முடியும் என்றுதான் நான் படிக்கிறேன். முன்னேற்றத்தைக் காட்டி நிதியை வெட்டுபவர்களிடம் சண்டை போட வேண்டும். அந்தச் சண்டைக்கே இந்த வரைபடம்தான் உங்களுக்கு ஆதாரம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளோடு சேர்ந்து இதைச் செய்து பார்க்க ஆசை. எதில் தொடங்கலாம்?
– ஒரு தாய், தென்காசி

இந்தக் குமிழி வரைபடம் இருக்கும் கேப்மைண்டர் (Gapminder) இணையதளம் இலவசம். செல்போனைவிடக் கணினியில் பார்ப்பது நல்லது. நிமிர்ந்த அச்சில் குழந்தை இறப்பைத் தேர்ந்தெடுங்கள். வங்கதேசம், பாகிஸ்தான் இரண்டையும் மட்டும் டிக் செய்துகொண்டு 1971-இலிருந்து ஓட்டுங்கள். தொடக்கத்தில் வங்கதேசத்தின் நிலைமை இன்னும் மோசம். இன்று அங்கே குழந்தை இறப்பு விகிதம் பாகிஸ்தானில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. எந்த வருடத்தில் ஒன்றை ஒன்று தாண்டியது என்று மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு படுக்கை அச்சை மாற்றி மாற்றிப் பாருங்கள்: வருமானம், பெண்கள் பள்ளி சென்ற ஆண்டுகள், ஒரு பெண்ணுக்கு எத்தனை குழந்தைகள்.

காரணம் முழுக்க வரைபடத்தில் கிடைக்காது. வெளியே தேட வேண்டும். ஒரு துப்பு தருகிறேன். 1980-இலிருந்து பத்து ஆண்டுகள் பிராக் என்ற அமைப்பின் பெண் ஊழியர்கள் வங்கதேசத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், தண்ணீர் என்று வயிற்றுப்போக்குக்கான கரைசலைத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்று பார்த்துச் சம்பளம் தரவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குப் போய்க் கேட்பார். தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அதற்கேற்பத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குப் பணம்.

மகள் கண்டுபிடித்த வருடத்தையும், அவளுக்கு எழுந்த கேள்விகளையும் எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.